பூசை நாளில் சூடாகாத எஞ்சின்

இந்த எஞ்சினுக்கு எத்தனை அங்குல ஃபேன் போடலாம் என்று கேட்டு இனி யாரும் எனக்கு ஃபோன் எடுக்க வேண்டாம். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள். குதிரைச்சக்தி இவ்வளவு, ரேடியேட்டர் இவ்வளவு அகலம், சட்டென்று ஒரு அளவைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். நான் ஓய்வுபெற்று பதுளையில் வீட்டோடு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறவன். அளவெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தைப் புரட்டச் சோம்பலாக இருந்தால் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. அங்கே இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல முடியும். அதற்குக் கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்து ஃபேக்டரிக்கு உங்களைக் கூட்டிப்போக வேண்டும்.

மின்சாரம் நாளில் பாதி நேரம் இல்லாமல் போன காலம் அது. டீசலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. நான் வேலையிலிருந்த கடைசி வருடம். அந்த ஃபேக்டரியில் இருந்த பழைய ஜெனரேட்டர் விளக்கு எரிப்பதற்கும் ஒன்றிரண்டு மெஷின் சுற்றுவதற்கும்தான் ஆகும். மற்ற நேரமெல்லாம் கரண்டு போனால் ஃபேக்டரியும் படுத்துவிடும். ஆகவே கம்பெனி ஒரு பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கியது. கனரக வாகனமொன்றிலிருந்து கழற்றிப் புதுப்பித்த எஞ்சின், நல்ல சக்தி. மொத்த ஃபேக்டரியையும் அது ஒன்றே இழுத்துக்கொண்டு போகும் என்றார்கள்.

டீமேக்கர் அருள்ராஜை எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த ஃபேக்டரியின் தேயிலைக்கு அவர்தான் பொறுப்பு. கம்பெனிக்காரர்களுக்கு அந்த ஃபேக்டரியை மூடிவிட்டு, கொழுந்தை லொறியில் ஏற்றி இன்னொரு ஃபேக்டரிக்கு அனுப்பும் யோசனை அப்போதே இருந்தது. அருள்ராஜ்தான் கெஞ்சிக் கூத்தாடி, எஞ்சின் வந்தால் ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார். ஃபேக்டரியைப் பூட்டினால் தேயிலை சலிக்கும் அறைப் பெண்கள் மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம். டீமேக்கருக்குப் போக இடமில்லை. வேலையோடு குவார்ட்டர்ஸ் வீடும் போய்விடும்.

தோட்டத்து மனேஜர் எனக்கு ஃபோன் செய்தபோது அந்த வாய்ப்பில் பாதி கரைந்து போயிருந்தது. "ஃபேன் பத்தல்ல, பாஸ். எஞ்சின் கொதிக்குது. அவங்க போட்டதும் சின்னது, நாங்க மாத்தினதும் சின்னது. நீங்க இருக்கிறதுலயே பெருசா ஒண்ணு கொண்டு வாங்க" என்றார். மெக்கானிக்கை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவ கொழுந்து கெட்டுப்போனா நான் ஒண்ணும் செய்ய ஏலாது. மேல பூட்டச் சொல்லிட்டாங்க" என்றார்.

நான் ஃபேன் எதுவும் கொண்டுபோகவில்லை. முதலில் பார்க்கலாம் என்று வெறும் கையோடு போனேன். பெரகலையில் இறங்கிக் காத்திருந்தபோது அருள்ராஜ் தோட்டத்து லொறியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "ஃபேன் எங்கண்ணே?" என்பதுதான். பார்க்காமல் எப்படிக் கொண்டுவருவது என்றேன்.

ஜெனரேட்டர் அறை ஃபேக்டரியின் தெற்குச் சுவரை ஒட்டியிருந்தது. ரேடியேட்டர் சுவரில் பதிந்து, பள்ளத்தைப் பார்த்து நின்றது. கீழே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி முழுக்கத் தெரியும். அந்தச் சரிவில் ஏறிவரும் காற்றில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஜெனரேட்டர் ஓட்டும் கணேசன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கம்பியில் எலுமிச்சங்காயும் பச்சைமிளகாயும் கோத்து மாலை மாலையாகத் தொங்கின.

"இது என்ன கணேசன், ஊறுகாய்க் கடையா?"

"கண்ணு பட்டிருச்சு பாஸ். பூசையன்னிக்கு எவனோ வச்ச கண்ணு. அன்னிக்கு எப்புடி ஓடுச்சு தெரியுமா? காலையில போட்டது, பின்னேரம் வரைக்கும் சூடு காட்டுற முள்ளு அசையல. மறுநாளே கொதிக்க ஆரம்பிச்சிருச்சு."

கேட்டுக் கேட்டு நடந்ததை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். எஞ்சின் வந்த சூட்டோடு ஆயுத பூசையும் வந்திருக்கிறது. நல்ல நாள் என்று அன்றே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோயில் பண்டாரம் வந்து தேங்காய் உடைத்தார். அருள்ராஜ் தன் பங்குக்குச் சர்ச் சாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிக்க வைத்தார். எஞ்சின் இரண்டு பக்கத்து ஆசீர்வாதத்தோடும் நன்றாக ஓடியது. அடுத்து வந்த சாதாரண வேலை நாளில் கொதித்தது. ஃபேன் சிறியது என்று, மண்வெட்டும் இயந்திரமொன்றிலிருந்து பெரிய ஃபேன் எடுத்து மாட்டினார்கள். அது முந்தியதைவிடச் சீக்கிரம் கொதித்தது. எஞ்சினை நிறுத்த வேண்டி வந்ததில் ரோலரில் அரைபட்டுக் கிடந்த கொழுந்து முழுவதும் புளித்துப்போனது. பச்சைக் கொழுந்து கொஞ்சம் பொறுக்கும். அரைத்த கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. அது நேரத்துக்கு டிரையருக்குள் போயாக வேண்டும்.

இந்த இடத்தில் நிற்பாட்டுகிறேன். பெரிய ஃபேன் போட்ட பிறகு எஞ்சின் சீக்கிரமாகச் சூடேறியது. இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்ற வேண்டும்? காற்றுப் பற்றாக்குறைதான் நோய் என்றால், பெரிய ஃபேன் குணப்படுத்தாவிட்டாலும் கொஞ்சமாவது தாக்குப்பிடித்திருக்க வேண்டும். மருந்தைக் கூட்டக் கூட்ட நோய் கூடினால் மருந்தைச் சந்தேகப்படுங்கள். அங்கே இருந்த எல்லாருக்கும் அவசரம், பயம். அதனால் மூன்றாவதாக இன்னும் பெரியதைக் கேட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். வெளியிலிருந்து வந்தவனுக்கு இருந்த ஒரே வசதி, வீடு பறிபோகும் பயம் இல்லாமல் யோசிக்க முடிந்ததுதான்.

"பூசையன்னிக்கு என்னென்ன ஓடிச்சு?" என்று அருள்ராஜைக் கேட்டேன்.

"எல்லாமே ஓடிச்சுண்ணே. ரோலர், டிரையர், மாடியில கொழுந்து வாட்டுற ஃபேனு, எல்லாம்."

"சலிப்பு மெஷினு?"

அவர் யோசித்தார். "அது ஓடல. சந்தனம் குங்குமம் வச்சு மாலை போட்டிருந்தோம்ல. மாலையோட எப்புடி ஓட்டுறது? அந்த ரூமையே கழுவி விட்டுத்தான் கோலம் போட்டிருந்தாங்க."

சலிப்பு அறை, ஜெனரேட்டர் அறைக்கு அடுத்த அறை. நடுவில் ஒரு கதவு, அதுவும் எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு. தேயிலையைச் சலிக்கும்போது மெல்லிய பஞ்சு போலத் தூசு பறக்கும். அங்கே வேலை செய்யும் பெண்கள் தலையில் துண்டு கட்டியிருப்பதே அதற்காகத்தான். அப்போது மாட்டியிருந்த இரண்டு ஃபேன்களும் அறைக்குள்ளிருந்து காற்றை இழுத்து, ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளுகிற வகை. ஜெனரேட்டர்களில் அதுதான் வழக்கம். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த அறையில் என்ன காற்று இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ரேடியேட்டரை வெளியிலிருந்து பார்த்தேன். பளபளவென்று இருந்தது. கணேசன் தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார். உள்ளே போய், ஃபேனைச் சுற்றியிருந்த தகரக் கூட்டுக்குள் கையை விட்டு ரேடியேட்டரின் உட்புறத்தைத் தடவினேன். கம்பளியைத் தொட்டது போலிருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தபோது, பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய துண்டு அப்படியே உரிந்து கையோடு வந்தது. தேயிலை வாசம் கமகமவென்று அடித்தது. பெரிய ஃபேன் செய்ததெல்லாம், சின்ன ஃபேனைவிட வேகமாகத் தூசை இழுத்து ரேடியேட்டருக்குக் கம்பளி போர்த்தியதுதான்.

கணேசன் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். "கண்ணு இல்லையா அப்ப?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மனேஜர் வந்து பார்த்தார். மணிக்கு ஒரு தரம் நிறுத்தித் துடைத்தால் போதாதா என்று கேட்டார். டிரையர் ஓடும்போது மணிக்கு ஒரு தரம் எப்படி நிறுத்துவது? வலை அடித்தால் என்ன என்றார். வலையும் அடைத்துக்கொள்ளும். நான் சொன்னேன்: "காத்தை மத்தப் பக்கத்திலயிருந்து எடுப்போம். வெளியிலயிருந்து ரேடியேட்டர் வழியா உள்ளுக்கு இழுக்கிற ஃபேன் போடுவோம். வெளிக் காத்து சுத்தம். அதோட இந்த மலையில காத்து நமக்கு எதிர அடிக்குது. இப்ப ஃபேன் அதோட மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் வெளிய தள்ளுது. உள்ளுக்கு இழுத்தா அதே காத்து ஒத்தாசைக்கு வரும்."

"சூடு முழுக்க உள்ளுக்குத்தானே வரும்?" என்றார் மனேஜர். நியாயமான கேள்வி. கூரையில் தகடு கழற்றி, மேலே வழி விடலாம் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் யாரைக் காப்பாற்ற இவ்வளவும் செய்கிறோமோ அந்த அருள்ராஜ் குறுக்கே நின்றார்.

"வேணாம்ணே. எஞ்சின் சூடு இந்தக் கதவு வழியா சலிப்பு ரூமுக்குள்ள வந்தா டீசல் வாசம் தேயிலையில ஏறும். பிறகு ஏலத்துல ஒருத்தனும் தொடமாட்டான். அந்தத் தேயிலைய செய்யிறத விட ஃபேக்டரிய பூட்டிட்டே போயிரலாம்."

கழுத்தில் கத்தி இருக்கும்போதும் தேயிலையைப் பற்றித்தான் பேசினார். எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஃபேன் எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்பதில் பாதி வேலைதான் முடிந்தது. எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது மீதி. அந்த உட்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. இனிமேல் மழையிலும் வெளியே சுற்றித்தான் வர வேண்டும் என்று கணேசன் முணுமுணுத்தார். குடை வாங்கித் தருவதாக மனேஜர் சொன்னார். இன்றுவரை வாங்கித் தந்ததாகத் தெரியவில்லை.

புறப்படும்போது கணேசன் ஒரு யோசனை சொன்னார். "புதுசு எதுக்கு பாஸ்? இருக்கிறதயே திருப்பி மாட்டுனா உள்ளுக்கு இழுக்கும்தானே?" உங்களில் பாதிப் பேருக்கும் இப்போது அதுதான் மனதில் ஓடியிருக்கும். இழுக்காது. நட்டைத் திருப்பிப் போட்டாலும் அதே பக்கம்தான் இறுகும். ஃபேனும் அப்படித்தான். திருப்பி மாட்டினால் அதே பக்கம்தான் தள்ளும், முன்பைவிட மோசமாகத் தள்ளும். இறக்கைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்த வேறு ஃபேன்தான் வேண்டும்.

பதுளையில் பழைய உதிரிப்பாகம் விற்கும் கடையில் இரண்டு கிடைத்தன. ஒன்று அகலம், இரும்பு, பார்க்கவே கம்பீரம். மற்றது அதைவிடக் கொஞ்சம் சிறியது, இறக்கை அகலமானது, எடை குறைவு. கடைக்காரர் பெரியதைத் தூக்கி என் பக்கம் தள்ளினார். நான் சிறியதை எடுத்தேன். பெரியது தகரக் கூட்டின் விளிம்பில் உரசும். எடை அதிகமென்பதால் எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். சக்தி வாய்ந்த எஞ்சினுக்குப் பெரிய ஃபேன் என்பது கல்யாணத்துக்குப் பெரிய மேளம் என்பது போன்ற பேச்சு. கூட்டுக்குள் அளவாகப் பொருந்தி, ஓரத்தில் காற்றை ஒழுகவிடாமல், ரேடியேட்டரின் முழுப் பரப்பிலும் இழுக்கிற ஃபேன் எதுவோ அதுதான் நல்ல ஃபேன்.

ஃபேனை மாட்டி, கூரையில் வழி விட்டு, உட்கதவையும் அடைத்து முடித்தோம். நீண்ட நேரம் ஓட்டிச் சோதிக்க டீசல் இல்லை. கிடைத்த டீசலை ஒரு முழு வேலை நாளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒரு நாளில் ஓடினால் ஃபேக்டரி இருக்கும், ஓடாவிட்டால் இல்லை. கரண்டு வெட்டு நீளமாக இருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. மனேஜர் சொல்வதை வைத்து முடிவெடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். காலையில் அருள்ராஜ், சலிப்பு அறையைக் கூட்டிச் சுத்தம் செய்யச் சொல்லவா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். எல்லாச் சலிப்பு மெஷினும் ஓட வேண்டும், தூசு பறக்கிறபடி பறக்க வேண்டும். அழுக்கான நாளில் ஓடுகிற எஞ்சின்தான் ஓடுகிற எஞ்சின். நல்ல நாள் பார்த்துச் சோதிப்பதைப் போலத் தப்பான சோதனை வேறில்லை. சாமி கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறவன்தான். சோதனையை மட்டும் மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

கரண்டு போனது. கணேசன் எஞ்சினைக் கிளப்பினார். ஒவ்வொரு மெஷினாக ஏறியது. சுமை முழுவதும் ஏறிய பிறகும் சூடு காட்டும் முள் நடுவில் நின்றது, அசையவில்லை. மதியம் தாண்டியது. மனேஜர் நாற்காலி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். எல்லாருக்கும் பிளேன்டீ வந்தது. நானும் கொஞ்சம் தெம்பாகி, கணேசனோடு எலுமிச்சங்காயைப் பற்றிக் கிண்டல் பேசத் தொடங்கினேன்.

அப்போதுதான் காற்று நின்றது. அந்த மலையில் பின்னேரம் சில நாள் அப்படித்தான். சட்டென்று காற்று அடங்கி, பள்ளத்திலிருந்து பனிமூட்டம் மெதுவாக மேலே ஏறும். ஒத்தாசைக்கு வந்த காற்று போய்விட்டது, இனி ஃபேன் தனியாகத்தான் இழுக்க வேண்டும். முள் நகர்ந்தது. முதலில் நான் நம்பவில்லை. திரும்பப் பார்த்தேன், இன்னும் நகர்ந்திருந்தது.

கணேசனின் கை நிறுத்தும் கைப்பிடிக்குப் போனது. மனேஜர் எழுந்துவிட்டார். "நிப்பாட்டுவோமா?" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. நிறுத்தினால் ரோலரில் இருப்பது போய்விடும், ஃபேக்டரியும் போய்விடும். நிறுத்தாமல் எஞ்சின் வெடித்தால் இரண்டும் போய், என் பெயரும் போகும். சிவப்புக் கோட்டுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

"நிப்பாட்ட வேணாம். சுமையக் குறைப்போம்" என்றேன். அருள்ராஜிடம் கத்தினேன்: "அருள், எதையாவது ஒண்ண விட்டுக்குடு! எதக் குடுப்ப?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மாடி ஃபேனு. பச்சக் கொழுந்து பொறுக்கும்" என்று சொல்லிக்கொண்டே படியேறி ஓடினார். ஒவ்வொன்றாக நிறுத்துவது எஞ்சினின் சத்தத்திலேயே தெரிந்தது. முனகல் குறைந்தது. முள் ஏறுவது நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு, மாடு எழுந்திருக்க யோசிப்பதைப் போல யோசித்து யோசித்து, முள் கீழே இறங்கியது.

அதிகமாகச் சக்தி உள்ள எஞ்சினை வைத்திருப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. ஓடு அல்லது நில் என்ற இரண்டைத் தவிர, கொஞ்சம் மெதுவாக ஓடு என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பது எஞ்சின்காரனுக்குத் தெரியாது. அதைத் தேயிலைக்காரனிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பிற்பாடு கூரை வழியை அகலப்படுத்தினோம். அதற்குப் பிறகு காற்று நின்ற நாட்களிலும் முழுச் சுமையோடு ஓடியது.

அன்று கரண்டு எப்போது வந்தது என்றே எங்களுக்குத் தெரியாது. ஆபீசிலிருந்து கிளார்க் வந்து, "கரண்டு வந்து எவ்வளவு நேரம்! இன்னும் ஏன் டீசலக் குடிக்க விடுறீங்க?" என்று சத்தம் போட்டபோதுதான் பார்த்தோம். கடைசிக் கொழுந்து டிரையரிலிருந்து கறுப்பாக, நறுமணத்தோடு கொட்டிக்கொண்டிருந்தது. அருள்ராஜ் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். டீசல் வாசம் இல்லை. என்னிடம் நீட்டினார், மனேஜரிடம் நீட்டினார், எதற்கென்று தெரியாமல் கிளார்க்கிடமும் நீட்டினார். மனேஜர் அங்கேயே நின்று கம்பெனிக்கு ஃபோன் செய்து, "ஓடுது, பூட்டத் தேவையில்ல" என்று மூன்றே வார்த்தையில் முடித்தார். நான் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டேன். அப்படியொரு நிம்மதியை அதற்குப் பிறகு என் பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட நான் அனுபவிக்கவில்லை.

அருள்ராஜ் கொழுந்துச் சாக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "அண்ணே, காலையில வூட்டுல சாமானெல்லாம் கட்டி வைக்கச் சொல்லிட்டு வந்தேன். இன்னிக்கு நின்னுட்டா நாளைக்கே வூட்ட விடச் சொல்லுவாங்கன்னு" என்று சொல்லிக்கொண்டே கைபேசியை எடுத்தார். அவர் மனைவி ரீட்டா எடுத்ததும், "கட்டுனதெல்லாம் அவுத்துரு ரீட்டா. ஓடிருச்சு" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். ஃபோனை என் கையில் திணித்தார்.

"அவரு ஏன் அழுவுறாரு?" என்று கேட்டார் ரீட்டா. "நான் ஒண்ணுமே கட்டலயேண்ணே. கயித்த எடுத்துப் பக்கத்துல வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஃபேக்டரி சத்தம் நின்னா கட்டுவோம்னு. அது நிக்கவே இல்ல."